பெரிய கார்ப்பரேட் லா ஃபர்ம்ல வேலை: உள்ள இருந்து பார்த்தது

பெரிய லா ஃபர்ம்ல சேரப் போறவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது, ராத்திரி எத்தனை மணி வரைக்கும் ஆபீஸ்ல இருக்கணும்ங்கிறதுதான். அதுக்கு என்ன நம்பர் சொன்னாலும் அந்த வேலை அவங்களுக்குப் புரியாது. ரொம்ப நேரம் உழைக்கிறது பழகிடும், எத்தனையோ தொழில்ல எத்தனையோ பேர் பண்றாங்க. இங்க லேசுல பழகாத விஷயம், இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடியுமா இல்ல ஆறு மணிக்குத்தான் ஆரம்பிக்குமான்னு மத்தியானம் வரைக்கும் தெரியாம இருக்குறது. கம்பெனி வாங்குறது விக்கிறது, பேங்க் லோன் டாக்குமென்ட், இந்த மாதிரி டீல் வேலையிலதான் நான் பல வருஷம் இருந்தேன். லிட்டிகேஷன், அதாவது கோர்ட்ல வழக்கு நடத்துற பக்கம், கோர்ட் தேதி முன்னாடியே தெரியும்ங்கிறதால கொஞ்சம் வேற மாதிரி ஓடும், ஆனாலும் இந்த நிச்சயமில்லாத தன்மை அங்கயும் உண்டு. இதைச் சமாளிக்கக் கத்துக்குறதுதான் முதல் சில வருஷத்துல பாதிப் படிப்புன்னு நான் நம்புறேன், அதனால அதைச் சுத்தியே எழுதுறேன்.

ஏன் இப்படி ஆகுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும், புரியலன்னா யாரோ வேணும்னே நம்மளை வதைக்கிறாங்கன்னு தோண ஆரம்பிச்சுரும். ஒரு ஷேர் பர்ச்சேஸ் அக்ரிமென்ட், அதாவது ஒரு கம்பெனியோட பங்குகளை வாங்குற ஒப்பந்தம், எடுத்துக்கோங்க. நம்ம டிராஃப்ட் எதிர்த்தரப்பு வக்கீல்கிட்ட போகுது, அவங்க பகல் பூரா அவங்க கிளையன்ட்கூட பேசிட்டு சாயங்காலம் திருத்தி அனுப்புறாங்க. நம்ம பார்ட்னர் (ஃபர்மோட லாபத்துல பங்கு உள்ள மூத்த வக்கீல்) பகல் முழுக்க ஒரு மீட்டிங் விட்டு இன்னொரு மீட்டிங்னு இருப்பாரு, அவருக்கு உக்காந்து படிக்க நேரம் கிடைக்கிறதே எட்டு மணிக்கு மேல. அவர் படிச்சு முடிச்சு சீனியர் அசோசியேட்கிட்ட (பார்ட்னருக்குக் கீழ சம்பளத்துக்கு இருக்குற அனுபவமுள்ள வக்கீல்) பேசி, அந்த சீனியர் எந்தெந்த க்ளாஸை (ஒப்பந்தப் பிரிவை) எப்படி மாத்தணும்னு முடிவு பண்ணி, அது ஜூனியர் கைக்கு வரும்போது பதினொண்ணு ஆகியிருக்கும், கிளையன்ட்டோ காலையில எழுந்ததும் மெயில்ல இருக்கணும்னு நினைக்கிறாங்க, அவங்க வேற டைம் ஸோன்ல இருந்தா அந்தக் காலை இன்னும் சீக்கிரமா வந்துரும். மேல இருக்குற ஒவ்வொருத்தரோட தாமதமும் சேர்ந்து கடைசியா நிக்கிறவங்க ராத்திரியில வந்து விழுது. இதுல யாரும் கெட்டவங்க இல்ல, வேலை கை மாறுற வரிசையே அப்படி.

இது புரிஞ்சா சில விஷயங்களை மாத்திக்க முடியும். பகல்ல வேலை வராம உக்காந்திருக்குற நேரம் நிறைய இருக்கும், அந்த நேரத்துல ராத்திரி வரப்போறதுக்கு ஆயத்தம் பண்ணி வைங்க: டெஃபனிஷன் லிஸ்ட் (ஒப்பந்தத்துல எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்ங்கிற பட்டியல்) சரிபார்க்கலாம், க்ளாஸ் நம்பர் எல்லாம் சரியா பொருந்துதான்னு பாக்கலாம், போன ரவுண்டுல எதிர்த்தரப்பு விட்டுக் கொடுத்தது விட்டுக் கொடுக்காதது எல்லாத்தையும் ஒரு பக்கத்துல எழுதி வைக்கலாம். மத்தியானம் மூணு நாலு மணிக்கு சீனியர்கிட்ட போய் "இன்னைக்கு அந்த டிராஃப்ட் என்கிட்ட எப்போ வரும்னு நினைக்கிறீங்க"ன்னு கேளுங்க. கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு ஜூனியர்ஸ் பயப்படுவாங்க, ஆனா நல்ல சீனியர் யாரும் அதைத் தப்பா எடுக்க மாட்டாங்க, பல சமயம் அப்பதான் அவங்களே யோசிச்சு "எட்டுக்கு முன்னாடி வராது, நீ போய் சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்துட்டு வா"ன்னு சொல்லுவாங்க. இன்னொண்ணு, உடற்பயிற்சியோ படிப்போ குழந்தையோட இருக்குறதோ, முக்கியம்னு நினைக்கிற எதையும் சாயங்காலத்துல வைக்காதீங்க. இந்த வேலையில உங்களுக்குன்னு ஓரளவு நிக்கிற நேரம் காலை நேரம்தான், ஏன்னா முந்தின ராத்திரி எல்லாரும் லேட்டா முடிச்சிருப்பாங்க, பத்து மணிக்கு முன்னாடி பெருசா யாரும் தேட மாட்டாங்க. காலையில வச்சது எனக்குப் பெரும்பாலும் தப்பிச்சுது, சாயங்காலம் வச்சது பெரும்பாலும் போச்சு.

அடுத்தது டைம்ஷீட், அதாவது எந்த கிளையன்ட்டுக்கு எவ்வளவு நேரம் வேலை பார்த்தோம்னு எழுதுற பதிவு, அதை வச்சுத்தான் பில் போடுவாங்க. இதை வெறும் ஆபீஸ் சம்பிரதாயம்னு நினைச்சு உள்ள வர்றவங்க நிறைய பேர். அது அந்த ஃபர்மோட உயிர்நாடி. நிறைய நாடுகள்ல பெரிய ஃபர்ம்கள் ஒரு மணி நேரத்தைப் பத்தா பிரிச்சு ஆறு ஆறு நிமிஷமா எழுதச் சொல்றாங்க, பாத்ரூம் போய்ட்டு வந்து திரும்ப உக்காந்தா எந்த கிளையன்ட் வேலை பண்ணேன்னு மனசுக்குள்ள மீட்டர் ஓட ஆரம்பிச்சுரும். இந்த முறை ஆதிகாலத்துல இருந்து இருக்குறது கிடையாது. அமெரிக்காவுல ஒரு காலத்துல இந்த வேலைக்கு இவ்வளவுதான் குறைஞ்சபட்சக் கட்டணம்னு பார் அசோசியேஷன்கள் பட்டியல் போட்டு வச்சிருந்தாங்க, 1975ல கோல்ட்ஃபார்ப் வழக்குல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் அது போட்டிச் சட்டத்துக்கு எதிரானதுன்னு சொல்லிருச்சு, ஏற்கெனவே பரவிட்டு இருந்த மணிக்கணக்கு முறை அதுக்கப்புறம் அசைக்க முடியாத அளவுக்கு வேரூன்றிருச்சு. அதுக்கு முன்னாடி 1958ல அமெரிக்கன் பார் அசோசியேஷன் வெளியிட்ட ஒரு கையேடு, ஒரு வக்கீல் வருஷத்துக்கு சுமார் 1,300 மணி நேரம் கட்டணத்துக்குரிய வேலை பாக்கலாம்னு கணக்குப் போட்டுச்சு. இன்னைக்கு அங்க பெரிய ஃபர்ம்கள்ல 1,900ல இருந்து 2,000 மணி நேரம் வரைக்கும் டார்கெட் வைக்கிறது சாதாரணம். இங்கிலாந்து மாதிரி இடங்கள்ல டார்கெட் கொஞ்சம் கம்மி. ஆனா டார்கெட்ங்கிறது பில் போடக்கூடிய நேரம் மட்டும்தான்னு ஞாபகம் வச்சுக்கோங்க. ட்ரெயினிங், ஆபீஸ் மீட்டிங், புது கிளையன்ட்டைப் பிடிக்க பார்ட்னருக்குத் தயார் பண்ணிக் கொடுக்குற பிரசன்டேஷன், டிராஃப்ட் வரட்டும்னு காத்திருக்குறது, இதெல்லாம் பெரும்பாலும் அதுல சேராது. அப்போ 1,900 மணி நேரம் எழுதணும்னா ஆபீஸ்ல அதைவிட எவ்வளவோ அதிகமா இருக்கணும்.

டைம்ஷீட்ல நான் எல்லா ஜூனியருக்கும் சொல்ற விஷயம் ரெண்டு மூணு உண்டு. அன்னன்னைக்கே எழுதிருங்க, வெள்ளிக்கிழமை உக்காந்து திங்கக்கிழமை என்ன பண்ணேன்னு யோசிச்சா நிச்சயம் குறைவாத்தான் ஞாபகம் வரும், அந்த நேரம் போனது போனதுதான். "டாக்குமென்ட் பார்த்தேன்"னு மொட்டையா எழுதாதீங்க, அந்த வரியை கிளையன்ட்டோட லீகல் டீம்ல ஒருத்தர் உக்காந்து படிப்பாரு, எதுக்குன்னு புரியலன்னா பில்லுல இருந்து அடிச்சுருவாரு. எந்த அக்ரிமென்ட், எந்தப் பிரச்சனைக்காகப் பார்த்தீங்கன்னு எழுதுங்க. இதைவிட முக்கியமானது, ஆறு மணி நேரம் ஆன வேலைக்கு கூச்சப்பட்டு நாலு மணி நேரம்னு நீங்களே குறைச்சு எழுதாதீங்க. பில்லுல குறைக்கலாமா வேணாமாங்கிறது பார்ட்னரோட முடிவு, அவருக்கு அதுக்கான அதிகாரமும் இருக்கு, கிளையன்ட்கூட இருக்குற உறவும் தெரியும். நீங்க குறைச்சா என்ன ஆகும்னா, அந்த வேலை நாலு மணி நேரத்துல முடியும்னு எல்லாரும் நம்பிருவாங்க, அடுத்த டீலுக்கு அந்தக் கணக்குலதான் ஃபீஸ் பேசுவாங்க, அடுத்து வர்ற ஜூனியர் அந்த நாலு மணி நேரத்துக்குள்ள மூச்சுத் திணறுவாங்க. இதுக்கு எதிர்ப்பக்கம், பண்ணாத வேலைக்கு நேரம் எழுதுறது மோசடி, அதுக்கு வேற பேர் இல்ல. டார்கெட் பக்கத்துல வந்து நிக்குதுன்னு அந்தப் பக்கம் ஒரு அடி கூட வைக்காதீங்க, அதனால லைசன்ஸ் போனவங்க நிஜமாவே இருக்காங்க.

முதல் ரெண்டு வருஷ வேலையைப் பத்தி வெளியில ரொம்ப ஏளனமா பேசுவாங்க, சிக்னேச்சர் பேஜ் சேகரிக்கிறது, டேட்டா ரூம்ல (விக்கிற கம்பெனியோட டாக்குமென்ட் எல்லாம் வச்சிருக்குற இடம்) நூத்துக்கணக்கான கான்ட்ராக்ட் படிக்கிறது, செக்லிஸ்ட் அப்டேட் பண்றது, இதுக்கா சட்டம் படிச்சோம்னு. எனக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. 2008ல ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி சுமார் 300 மில்லியன் டாலர் கடன் ஒண்ணை அடைச்சு முடிக்கப் போனாங்க. க்ளோசிங் செக்லிஸ்ட் (டீலை முடிச்சு வைக்கத் தேவையான டாக்குமென்ட்களோட பட்டியல்) தயார் பண்ற வேலை ஒரு அசோசியேட்கிட்ட போச்சு, அந்தக் கடனுக்காகப் பதிவான அடமானப் பதிவுகள் எதெல்லாம்னு தேடுற வேலை ஒரு பாராலீகல்கிட்ட (வக்கீல்களுக்கு உதவுற ஊழியர்) போச்சு. தேடுனதுல மூணு பதிவு கிடைச்சுது, அதுல மூணாவது இந்தக் கடனுக்கே சம்பந்தமில்லாத வேற ஒரு 1.5 பில்லியன் டாலர் கடனோடது. செக்லிஸ்ட்ல மூணும் ஏறிருச்சு, மூணையும் ரத்து பண்ற படிவம் தயாராச்சு, ரெண்டு பக்கமும் பெரிய ஃபர்ம், ரெண்டு பக்கமும் டாக்குமென்ட்ஸ் கை மாறுச்சு, ஒருத்தர் கண்ணுலயும் படல. அடுத்த வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு போட்டப்ப தான் பிரச்சனை பெருசா வெடிச்சுது, அந்த 1.5 பில்லியனுக்கான செக்யூரிட்டி பதிவுல முக்கியமானது ரத்தாகி கிடக்கு. யாரும் அதை ரத்து பண்ண நினைக்கலையேன்னு கடன் கொடுத்தவங்க தரப்புல வாதாடினாங்க, 2015ல அப்பீல் கோர்ட், தாக்கல் பண்ண அனுமதி கொடுத்தீங்கல்ல, அப்போ ரத்து செல்லும்னு சொல்லிருச்சு. எனக்கு இந்த வழக்கைப் படிச்சப்ப இருந்து செக்லிஸ்ட் வேலை சின்ன வேலைன்னு யார் சொன்னாலும் ஏத்துக்க முடியுறதில்ல. அந்த லிஸ்ட்ல ஒவ்வொரு வரியையும் மூல டாக்குமென்ட்டோட வச்சு ஒருத்தர் படிச்சிருந்தா போதும், அது ஜூனியராவே இருந்திருக்கலாம்.

அதனால என் டீம்ல ஒரு பழக்கம் வச்சிருந்தேன். க்ளோசிங் செக்லிஸ்ட்ல ஒரு ஐட்டம் ஏறுதுன்னா, அது ஏன் இங்க இருக்கு, எந்த அக்ரிமென்ட்ல எந்த க்ளாஸ் அதைக் கேக்குதுன்னு பக்கத்துல எழுதணும். பழைய டீல் செக்லிஸ்ட்டை காப்பி பண்ணா பாதி ஐட்டத்துக்கு இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது, அப்பவே மாட்டிக்கும். ஃபைல் பேர்லயும் ஒழுங்கு வேணும், தேதியும் வெர்ஷன் நம்பரும் போட்டு வைங்க, "ஃபைனல்"னு பேர் வச்ச டிராஃப்ட் எதுவும் ஃபைனலா இருந்து நான் பார்த்ததில்ல. எதிர்த்தரப்பு அனுப்புற ரெட்லைனை (மாத்துன இடங்களைக் குறிச்சுக் காட்டுற பிரதி) மட்டும் நம்பாதீங்க, அவங்க அனுப்புன க்ளீன் வெர்ஷனையும் நம்ம கடைசியா அனுப்புனதையும் நீங்களே கம்பேர் ஓட்டிப் பாருங்க, கெட்ட எண்ணமே இல்லாம கூட சில மாற்றம் ரெட்லைன்ல விழாம போயிரும். ஏஐ டூல் வந்த பிறகு இந்தச் சரிபார்க்குற குணம் இன்னும் முக்கியமாயிருச்சு. 2023ல நியூயார்க்ல ஏவியாங்கா விமான கம்பெனி மேல போட்ட வழக்குல, சாட்ஜிபிடி தானா உண்டாக்குன இல்லாத தீர்ப்புகளை மனுவுல போட்டதுக்காக வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்துச்சு. டூல் யூஸ் பண்ணுங்க, டேட்டா ரூம்ல முதல் சுத்துக்கு அது நல்லாவே உதவும், ஆனா உங்க பேர்ல வெளிய போற ஒவ்வொரு வரியையும் மூலத்தைத் திறந்து பார்த்துட்டு அனுப்புங்க.

வேலை வாங்கிக்கிற விதம் பத்தி யாரும் சொல்லித் தர்றதில்ல, கல்லூரியில சுத்தமா கிடையாது. ஒரு சீனியர் கூப்பிட்டு ரெண்டு நிமிஷம் வேகமா ஏதோ சொல்லிட்டு அடுத்த ஃபோன் காலுக்குப் போய்ருவாங்க, ஜூனியர் சரிசரின்னு தலையாட்டிட்டு வந்து உக்காந்து என்ன கேட்டாங்கன்னே தெரியாம முழிப்பாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி கேட்டுருங்க, இதைக் கடைசியில படிக்கப் போறது யாரு, பார்ட்னரா கிளையன்ட்டா, மெயில்ல நாலு வரி போதுமா முழு மெமோ வேணுமா, இதுக்கு எவ்வளவு நேரம் செலவு பண்ணலாம், இதே மாதிரி பழைய வேலை ஏதாவது சிஸ்டத்துல இருக்கா. அப்புறம் டெட்லைன். "முடிஞ்சா நாளைக்கு"ன்னு சொன்னா, நாளைக்கு எதுக்காக வேணும்னு கேளுங்க. நாளைக்கு பத்து மணிக்கு கிளையன்ட் கால் இருக்குன்னா ராத்திரி உக்காரத்தான் வேணும், சும்மா மனசுல ஒரு தேதி இருக்கட்டும்னு சொன்னதா இருந்தா வெள்ளிக்கிழமை கொடுத்தாலும் ஒண்ணும் ஆகாது, கேக்காம ராத்திரி முழிச்சு முடிச்ச எத்தனையோ மெமோ நாலு நாள் படிக்கப்படாமலே கிடந்ததை நான் பார்த்திருக்கேன், அது ரொம்ப மனசு வலிக்கிற விஷயம்.

வேலை அதிகமாகும்போது முடியாதுன்னு சொல்லவும் ஒரு முறை இருக்கு. "ரொம்ப பிஸி"ன்னு சொன்னா யார் காதுலயும் ஏறாது, எல்லாருமே பிஸிதான். "வியாழக்கிழமை வரைக்கும் இன்ன டீலோட டிஸ்க்ளோஷர் ஷெட்யூல் என்கிட்ட இருக்கு, உங்க வேலையை வெள்ளி காலையில எடுக்க முடியும், அதுக்கு முன்னாடி வேணும்னா அவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுறீங்களா"ன்னு சொல்லிப் பாருங்க. ரெண்டு பார்ட்னருக்கு நடுவுல எது முக்கியம்னு முடிவு பண்ற பொறுப்பு ஜூனியர் தலையில இருக்கக்கூடாது, அதை மேல அனுப்பணும். கெட்ட செய்தியையும் சீக்கிரமே சொல்லிருங்க. ஒரு அப்ரூவல் தள்ளிப் போகும்னு மூணு நாள் முன்னாடி தெரிஞ்சா பார்ட்னர் கிளையன்ட்கிட்ட பேசி க்ளோசிங் தேதியை மாத்திருவாரு, முந்தின ராத்திரி தெரிஞ்சா அவர் கையில வழியே இருக்காது.

ரகசியம் விஷயத்துல இன்னும் கண்டிப்பா இருங்க. லிஸ்டட் கம்பெனி (ஷேர் மார்க்கெட்ல இருக்குற கம்பெனி) டீல்னா பேரே சொல்ல மாட்டாங்க, ஒரு ப்ராஜெக்ட் பேர் வச்சுத்தான் கூப்பிடுவாங்க, அது எதுக்குன்னா லிஃப்ட்ல பக்கத்துல நிக்கிறவங்க காதுல விழுந்தாலும் ஒண்ணும் புரியக்கூடாது. வீட்டுல இருக்குறவங்க ஷேர் வாங்கினா கூட உங்க ஃபர்ம் ரூல்ஸ் என்ன சொல்லுதுன்னு முதல்லயே படிச்சு வீட்டுல சொல்லிருங்க. சும்மா ஆர்வத்துல அடுத்த டீம் ஃபைலைத் திறந்து பாக்காதீங்க, யார் எப்போ எந்த ஃபைலைத் திறந்தாங்கன்னு சிஸ்டத்துல பதிவாகும்.

ஆட்களைப் பத்தி சொல்லணும்னா, பேப்பர்ல உங்க மேனேஜர்னு யார் பேர் இருந்தாலும் உங்க வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது உங்களுக்கு நேரடியா வேலை கொடுக்குற ரெண்டு மூணு சீனியர் அசோசியேட்ஸ்தான். ப்ராக்டிஸ் ஏரியாவை வச்சு டீம் தேர்ந்தெடுக்குறதைவிட, அந்த சீனியர் கூட வேலை பார்த்த ஜூனியர்ஸ் இப்ப எங்க இருக்காங்கன்னு விசாரிச்சு தேர்ந்தெடுங்க. திருத்துன டிராஃப்டை உங்க பக்கத்துல வச்சு, இந்த வார்த்தையை ஏன் எடுத்தேன், இந்த கேப்பை (அதிகபட்சத் தொகை வரம்பை) ஏன் இங்க போட்டேன்னு இருபது நிமிஷம் பேசுற ஒருத்தர் கிடைச்சா, சம்பளம் கம்மியா இருந்தாலும் அவர்கூட இருங்க. நான் இன்னைக்கு ஒரு இன்டெம்னிட்டி க்ளாஸை (நஷ்டம் வந்தா யார் ஈடு கட்டணும்ங்கிற பிரிவு) ஃபோன்லயே எதிர்த்தரப்போட பேசி முடிக்க முடியுதுன்னா அப்படி ஒருத்தர் எனக்குக் கிடைச்சதாலதான், முதல் தடவை அவர் ஃபோனை என் பக்கம் தள்ளி நீயே பேசுன்னு சொன்ன அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் எந்த போனஸும் கொடுத்ததில்ல. இந்த வேலையில இருக்குற உண்மையான நல்லது இதுதான், இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு கெட்டிக்காரங்களுக்குப் பக்கத்துல உக்காந்து கத்துக்குற வாய்ப்பு வேற இடத்துல லேசுல கிடைக்காது. பாராலீகல், செக்ரட்டரி, ராத்திரி ஷிஃப்ட்ல டாக்குமென்ட் ஃபார்மேட் பண்ற டீம், இவங்களை வேலைக்காரங்க மாதிரி நடத்துற அசோசியேட்ஸையும் பார்த்திருக்கேன், எனக்கு அது பொறுக்காது, க்ளோசிங் ராத்திரியில டீலைத் தூக்கி நிறுத்துறது அவங்கதான்.

எல்லாரும் பார்ட்னர் ஆக முடியாதுங்கிறது இந்த அமைப்புலயே இருக்குற விஷயம். படிச்சு முடிச்ச பசங்களை நேரா எடுத்து, பயிற்சி கொடுத்து, சில வருஷத்துல மேல ஏத்துறது இல்லன்னா வெளிய அனுப்புறதுன்னு ஒரு முறையை இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல நியூயார்க்ல பால் க்ராவத்ங்கிற வக்கீல் உருவாக்குனாரு, பெரிய ஃபர்ம்கள் பலதும் அதோட ஏதோ ஒரு வடிவத்துலதான் இன்னைக்கும் ஓடுது. கீழ நிறைய பேர், மேல கொஞ்சம் பேர், கீழ இருக்குறவங்க மணி நேரத்துல இருந்துதான் மேல லாபம் வருது. பேரும் அளவும் பெருசா இருக்குறதால பத்திரம்னும் நினைக்காதீங்க, ஆயிரம் வக்கீலுக்கு மேல இருந்த டூயி அண்ட் லெபஃப்ங்கிற அமெரிக்க ஃபர்ம் 2012ல திவாலாச்சு, பார்ட்னர்களுக்கு வருமானம் இவ்வளவுன்னு உத்தரவாதம் கொடுத்தது அதுக்கு ஒரு பெரிய காரணம். அதனால சம்பளம் ஏற ஏற மாசச் செலவையும் கடனையும் அதே அளவுக்கு ஏத்தாதீங்க, பிடிக்காத டீம்ல இருந்து வெளிய வர முடியாம நிக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க காசுக்காகத்தான் நிக்கிறாங்க. க்ளோசிங் முடிஞ்ச அடுத்த நாளே லீவு கேட்டுருங்க, ஒரு வாரம் கழிச்சு கேக்கலாம்னு விட்டா அதுக்குள்ள புது டீல் வந்து உக்காந்துரும். தூக்கமே வரல, மெயில் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்குதுன்னா அது உங்க பலவீனம் கிடையாது, டாக்டரைப் பாருங்க, ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க.

வெளிய போறதா முடிவு பண்ணா (மூணாவது வருஷத்துக்கு மேல நிறைய பேர் போவாங்க, கிளையன்ட் கம்பெனிக்குள்ளயே வக்கீலா இருக்குற இன்-ஹவுஸ் வேலைக்குப் போறதுதான் அதுல அதிகம்), நல்லபடியா போங்க, ஏன்னா நாளைக்கு இதே ஃபர்முக்கு வேலை கொடுக்குற இடத்துல நீங்க உக்காந்திருக்கலாம், அது அவங்களுக்கும் தெரியும். கிளையன்ட் டாக்குமென்ட் எதையும் உங்க சொந்த மெயிலுக்கு அனுப்பாதீங்க, நீங்களே எழுதுன டிராஃப்டா இருந்தாலும் அது உங்களோடது கிடையாது. நீங்க பார்த்த டீல் பத்தி பொதுவெளியில வந்ததை மட்டும் வச்சு ஒரு லிஸ்ட் எழுதி வச்சுக்கோங்க, அடுத்த இன்டர்வியூல அதைத்தான் கேப்பாங்க, வேலையை விட்ட பிறகு ஞாபகப்படுத்தி எழுதுறது கஷ்டம். ஒவ்வொரு டீலுக்கும் ஒரு ஹேண்ட்ஓவர் நோட் எழுதுங்க: இப்ப டிராஃப்ட் யார் கையில இருக்கு, எந்தெந்த பாயின்ட் இன்னும் முடியல, கிளையன்ட் வாய்வார்த்தையா ஒத்துக்கிட்டு இன்னும் பேப்பர்ல வராதது என்னென்ன, அடுத்த தேதி எது. அதை மெயில்ல போட்டு விட்டுட்டுப் போயிராம, உங்களுக்கு அடுத்து வர்றவரோட அரை மணி நேரம் உக்காந்து வரி வரியா பேசிட்டுப் போங்க.